போட்டோவில் இருப்பது பனியல்ல, மச்சான்

ஒனிஹங்கா, ஆக்லாந்து
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் நல்லசாமி அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய பாஸ்கரன் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் மகள் வைஷாலியும் நல்ல சுகம். பாக்கியமும் சுகம்தான், ஆனால் அதை அவள் வாயால் கேட்டு எழுதுகிற பாக்கியம் இடையில் கொஞ்ச நாள் எனக்கு இல்லாமல் இருந்தது. அங்கே நீங்களும் சுந்தரி அக்காவும் களத்தில் காயும் தேங்காய்களும் நன்றாக இருக்கவும், உங்கள் ரத்தக்கொதிப்பு அளவோடு நிற்கவும் சிவன்மலை முருகன் பார்த்துக்கொள்ளட்டும். ரத்தக்கொதிப்பைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறீர்கள். ஆகவே எட்டாம் வகுப்போடு விட்ட கையெழுத்தைத் தூசி தட்டி, காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து சுந்தரி அக்காவின் போனுக்கு அனுப்புகிறேன். அக்கா, மச்சான் சாப்பிட்டு எழுந்த பிறகு படித்துக் காட்டுங்கள். தேங்காய் உரிக்கிற கம்பிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டாம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அந்தப் போட்டோவில் என் உதட்டில் இருப்பது சாயம்தான். வெற்றிலை என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று யோசித்தேன், நீங்கள் நம்பமாட்டீர்கள். ஐம்பத்து நாலு வயசில், பென்ரோஸ் பட்டறையில் பகலெல்லாம் கேட்டும் டிரெய்லரும் வெல்டிங் வைக்கிறவன், ஒரு சின்னப் பொண்ணு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து உதட்டை நீட்டிக் காட்டினேன். மூக்கு நுனியிலும் சிவப்பாக எதையோ தடவினாள். குளிரில் மூக்கு சிவக்குமாம். கண்ணாடியில் பார்த்தபோது, பொய் சொல்லக் கூடாது, ஆள் நன்றாகத்தான் இருந்தேன். உங்கள் கல்யாண ஆல்பத்தில் நீங்கள் பூசியிருக்கும் பவுடரோடு ஒப்பிட்டால் எனக்குப் பூசியது ரொம்பக் குறைவு.

இனி அந்தப் பெண்மணி. என் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறவள் எவள், என் கையில் சிவப்புத் தாள் சுற்றிய பரிசுப் பெட்டி எதற்கு, என் தங்கச்சியை நடுப் பனியில் விட்டுவிட்டு எங்கே ஊர் சுற்றுகிறான் என்றெல்லாம் போனில் பாக்கியத்திடம் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மச்சான், ஆக்லாந்தில் பனி பெய்யாது. இத்தனை வருசத்தில் நான் இங்கே பனிக்கட்டி பார்த்தது ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் மட்டும்தான். அதிலும் பிப்ரவரி என்றால் இங்கே கொளுத்துகிற கோடை. போட்டோவில் வெள்ளையாகக் கிடப்பது சோப்பு நுரையும் பொடிப்பொடியாகக் கிழித்த காகிதமும். பரிசுப் பெட்டிக்குள் காற்று. கம்பளிக் கோட்டுக்குள் நான், நனைந்த துணி மாதிரி. அந்த அம்மா பெயர் ரோஸ்மேரி. மலேசியாவில் கிள்ளான் ஊர்த் தமிழ், எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார், பாக்கியத்துக்கு உயிர்த் தோழி, லிங்கேஸ்வரன் என்ற சாதுவான கணக்கரின் மனைவி. அந்தப் போட்டோவை எடுத்ததே லிங்கேஸ்வரன்தான். இடது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், மங்கலாக ஒரு விரல் தெரியும். கட்டிய புருசனே எதிரில் நின்று, "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று சொல்லி எடுத்த போட்டோ அது. ரோஸ்மேரி அதை எடுத்து ஸ்டேட்டஸில் வைக்க, அதை யாரோ பார்த்து யாருக்கோ அனுப்ப, காங்கேயம் வந்து சேர்ந்துவிட்டது. நாங்கள் அனுப்பும் பார்சல் ஒன்றுகூட இவ்வளவு வேகமாக உங்களுக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் உங்கள் கோபத்துக்குப் போட்டோ மட்டும் காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன்பே பாக்கியம், "அண்ணா, நான் அங்க வந்து இருந்துக்கட்டுமா" என்று உங்களிடம் கேட்டிருக்கிறாள். போட்டோ வந்த அன்றே டிக்கெட் போட்டுவிட்டீர்கள். பங்குனியில் புறப்பாடு, திரும்பி வருகிற டிக்கெட் கிடையாது. அதனால் பொங்கல் விழாவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பாக்கியம் உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். என்னை விட்டுக்கொடுக்காமல் சொல்லியிருப்பாள்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, வாடகை மண்டபத்தில், சர்க்கரைப் பொங்கல் தீர்ந்து வெண்பொங்கல் மட்டும் மிச்சமிருந்த நேரத்தில், நிதின் என்கிற கம்ப்யூட்டர் வேலைத் தம்பி மைக்கைப் பிடித்து ஜோடிப் போட்டி என்று அறிவித்தார். புருசனும் பெண்டாட்டியும் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். ஒருவருக்குப் பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, எதைக் கண்டால் பயம் என்று மற்றவர் சொல்ல வேண்டும். ஜெயிக்கிற ஜோடிக்கு ரைஸ் குக்கர். பாக்கியம் வரமாட்டேன் என்றாள், நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். நிதின் முதலில் அவளிடம், "அக்கா, அண்ணன் பேரைச் சொல்லுங்க, கடைசி வரிசைக்குக் கேக்கணும்!" என்றார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டின நாளிலிருந்து என் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. மாமா என்பாள், இல்லாவிட்டால் ஏனுங்க என்பாள். இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று விமான நிலைய அதிகாரி கேட்டபோதுகூட என் பாஸ்போர்ட்டை விரலால் தொட்டுக் காட்டியவள். அன்றைக்கும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். மைக்கை வாங்கி, "மறந்துபோச்சுங்க தம்பி, கட்டி ரொம்ப வருசம் ஆச்சுதுல்ல" என்றேன். மண்டபமே சிரித்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது, என் கல்யாணப் பந்தியிலேயே பார்த்தவர்தானே நீங்கள். அக்காவுக்குப் பிடித்த நிறம் என்றார் நிதின். "நான் வாங்கிக் குடுக்காத புடவை எல்லாத்தோட நிறமும்" என்றேன். பிடித்த சாப்பாடு? "என் தலை." எதைக் கண்டால் பயம்? "என்னையே கட்டிட்டா, இனி எதுக்குங்க பயம்?" முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு பாக்கியத்தின் முறை. எனக்குப் பிடித்தது பழுப்புச் சட்டை என்றாள், பழைய சோற்றில் மோரும் சின்ன வெங்காயமும் என்றாள், பல் டாக்டர் நாற்காலியைக் கண்டால் பயம் என்றாள். ஒவ்வொன்றாக, மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டே. அவளுக்கு மூன்றுக்கு மூன்று. எனக்கு முட்டை. ரைஸ் குக்கர் ரோஸ்மேரி ஜோடிக்குப் போனது. காரில் வரும்போது பாக்கியம் கேட்டாள், "இருவத்தாறு வருசத்துல ஒண்ணு கூடவா தெரியல?" அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "தெரியும் புள்ள, சொன்னா குக்கரைத் தலைல கட்டிருவாங்களே, ஊட்ல வெக்க எடம் ஏது?" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

அவள் கத்துகிற ரகம் இல்லை, உங்களுக்கே தெரியும். கத்தியிருந்தால் நானும் ரெண்டு ஜோக் சொல்லிச் சரிக்கட்டியிருப்பேன். அவள் ஃப்ரிட்ஜோடும் துவைக்கிற மிஷினோடும் பேச ஆரம்பித்தாள். "டீ ஆறிப்போகுதுன்னு சொல்லு" என்று ஃப்ரிட்ஜிடம் சொல்வாள். நான் பக்கத்தில்தான் நிற்பேன். ஃப்ரிட்ஜ் சொல்லாது. வைஷாலி வந்து, "மம், ஹீ இஸ் ரைட் ஹியர்!" என்பாள். பாக்கியம் காதில் வாங்காமல் துவைக்கிற மிஷினிடம், "பட்டறைச் சட்டையில கறை போகலீன்னு சொல்லு" என்பாள். காரில் ஏறினால் முன்சீட்டில் உட்காரமாட்டாள். பின்சீட்டில் ஏறி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள், நான் டாக்சிக்காரன் மாதிரி முன்னால் தனியாக. ஒரு நாள் கடை வாசலில் இறங்கும்போது, "மீட்டர் போடலீங்க அம்மணி, பாத்துக் குடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். கதவைச் சாத்திய சத்தத்தில் கண்ணாடி ஆடியது. மச்சான், நானே ஜோக் சொல்லி நானே சிரித்து, அந்தச் சத்தம் வீட்டுக்குள் சுற்றித் திரும்பி என்னிடமே வருகிறபோது, எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிற்று.

இங்கேதான் ரோஸ்மேரி வருகிறார். குக்கரை ஜெயித்த நாளிலிருந்து அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வெஸ்ட்கேட் பக்கம் புதிதாகக் கட்டி இன்னும் கடைகள் திறக்காத ஒரு தெருவில், அமெரிக்க டிவிக்காகக் கிறிஸ்துமஸ் படம் எடுக்கிறார்களாம், பின்னணியில் நடக்க நடுவயசு ஜோடிகள் வேண்டுமாம். என்னிடம் வந்து, மலேசியா இழுப்போடு, "அண்ணே, சும்மா நடந்தா போதும் லா, சாப்பாடு போடுவாங்க" என்றார். பாக்கியத்திடம் தனியாகப் போய் அதையே சொல்லியிருக்கிறார். நான் வருவது அவளுக்குத் தெரியாது, அவள் வருவது எனக்குத் தெரியாது. அன்று காலை பட்டறையில் காரை விட்டுவிட்டு ரோஸ்மேரியின் வேனில் ஏறினால், பின்சீட்டில் பாக்கியம். "பிளான் பண்ணி செஞ்சீங்களா?" என்று கேட்டேன். "ஆமாவா? எனக்கு ஒண்ணும் தெரியாது லா" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். லிங்கேஸ்வரன் வழக்கம்போல் ஒன்றும் சொல்லாமல் சீட் பெல்ட்டைச் சரி பார்த்தார்.

படத்தின் கதையை ரோஸ்மேரி வழியிலேயே சொல்லிவிட்டார். ஒரு சின்ன ஊரில் கேக் கடை நடத்துகிற பெண். கிறிஸ்துமஸுக்கு அம்மா வருகிறாள், கல்யாணம் எப்போது என்று அரிக்கப் போகிறாள். அந்தத் தொல்லைக்குப் பயந்து, கடையை விலைபேச வந்த ஒரு பையனைப் பிடித்து, நாலு நாளைக்கு நிச்சயம் பண்ணிக்கொண்ட மாதிரி நடி என்கிறாள். ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒருவரைப் பற்றி ஒருவர் மனப்பாடம் செய்கிறார்கள். நடித்து நடித்துக் கடைசியில் நிஜமாகவே பிரியம் வந்துவிடுகிறது. நம் ஊராக இருந்தால் முதல் நாளே பெண்ணின் மாமன் வந்து பையனின் பங்காளி வரை விசாரித்திருப்பார், படம் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். நீங்களே போதும்.

உதட்டுச் சாயம் பூசி, கோட்டு மாட்டி, கழுத்தில் கம்பளி சுற்றி எங்களை வெயிலில் வரிசையாக நிற்கவைத்தார்கள். காதில் கருவி மாட்டிய ஒரு பெண்தான் எங்களை மேய்க்கிறவள். எங்கள் முன்னால் வந்ததும் நின்றாள். பாக்கியம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் மறுபக்கம், நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற இடைவெளி. ரோஸ்மேரியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ரோஸ்மேரி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்களப் பாத்தா புருசன் பொண்டாட்டி மாதிரி இல்லையாம் அண்ணே. டிவில பாக்குறவங்க நம்ப மாட்டாங்களாம்." உடனே அந்தப் பெண் என்னை ரோஸ்மேரியோடு கோத்துவிட்டாள், பாக்கியத்தை லிங்கேஸ்வரனோடு. மச்சான், அரசாங்கம் பதிவு பண்ணின ரெண்டு கல்யாணத்தை அரை நிமிசத்தில் மாற்றி வைத்துவிட்டாள். நீங்கள் பார்த்த போட்டோ அப்போது எடுத்ததுதான். பாக்கியம் பக்கத்தில்தான் நின்றாள். போட்டோவுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

வேலை என்னவென்றால், முன்னால் கதாநாயகன், கதாநாயகி, அவள் அம்மா மூவரும் நின்று பேசுவார்கள். நாங்கள் பின்னால் தெருவில் இப்படியும் அப்படியும் நடக்க வேண்டும். நடக்கும்போது பேசுகிற மாதிரி வாயசைக்க வேண்டும், ஆனால் துளி சத்தம் வரக்கூடாது. பாதியில் நிற்கக்கூடாது, முறைக்கக்கூடாது, கேமராவைப் பார்க்கக்கூடாது. சத்தமில்லாமல் குடும்பம் நடத்துவதில் எங்களைவிடப் பழகினவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. நான் ரோஸ்மேரியைப் பார்த்து வாயசைத்துக்கொண்டே போவேன், எதிரில் பாக்கியம் லிங்கேஸ்வரனைப் பார்த்து வாயசைத்துக்கொண்டே வருவாள். எங்களை ஒட்டி நுரை மிஷின் ஓடும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள்.

அந்தக் காட்சி என்ன தெரியுமா மச்சான்? அந்த அம்மாக்காரி மாப்பிள்ளைப் பையனைச் சோதிக்கிறாள். என் மகளுக்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் பயம் என்று கேட்கிறாள். அவன் யோசிக்கவே இல்லை. மழைக்கு முந்தி வருகிற இடிக்குப் பயம், சின்ன வயசில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள் என்று சொல்கிறான். ரோஸ்மேரி எனக்கு மெதுவாகத் தமிழில் சொன்னார். முதல் தடவை சிரித்தேன். மறு தடவை சிரிப்பு வரவில்லை. பிறகு அவன் ஒவ்வொரு தடவை "இடி" என்று சொல்லும்போதும் என் கோட்டுக்குள் என்னவோ குத்தியது. எங்கிருந்தோ வந்த பையன், சம்பளத்துக்குப் பொய் சொல்கிறவன், நேற்று மனப்பாடம் பண்ணியிருக்கிறான். அவனுக்குத் தெரிகிறது. எதிரில் பார்த்தால், லிங்கேஸ்வரன் என்னத்தை வாயசைத்தாரோ, பாக்கியம் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வருகிறாள். பொங்கலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் அடுத்தவர் ஜோக்குக்கு, சத்தம்கூட இல்லாத ஜோக்குக்கு.

அடுத்த தடவை கேமரா ஓடியதும் என் கால் தானாகத் திரும்பிவிட்டது. ரோஸ்மேரியை நடுத்தெருவில் விட்டுவிட்டு நேரே பாக்கியத்தின் பக்கம் போய் நடக்க ஆரம்பித்தேன். லிங்கேஸ்வரன் நல்ல மனுசர், ஒன்றும் கேட்காமல் ஒரு தப்படி விலகிக்கொண்டார். பாக்கியத்துக்குக் கொடுத்த வேலையைக் குறையாகச் செய்யத் தெரியாது. கேமரா ஓடுகிறது, நிற்கக்கூடாது, முறைக்கக்கூடாது, வாயசைத்தே ஆக வேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாயசைத்தாள். அது என்னவென்று எனக்குச் சத்தமில்லாமலே புரிந்தது. "அக்கட்டால போங்க." நான் தள்ளிப் போகவில்லை. சத்தமில்லாமல் கேட்டேன், "உனக்கு என்ன நிறம் புடிக்கும் புள்ள? என்ன சோறு புடிக்கும்? எதைக் கண்டா பயம்?" அவளுக்கு முகம் மாறிப்போயிற்று. பிறகு பேச ஆரம்பித்தாள் பாருங்கள், வாய் நிற்கவில்லை, பொங்கலிலிருந்து சேர்த்து வைத்த அத்தனையும். எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணு மட்டும் ததும்பி நின்றது தெரிந்தது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், நுரை மிஷின் ஒரு வாய் நுரையை உள்ளே தள்ளிவிட்டது. துப்பவும் முடியாது, கேமரா ஓடுகிறது. விழுங்கினேன்.

"கட்!" என்று கத்தினார்கள். காதுக் கருவிப் பெண் ஓடி வந்தாள். என் தோளைப் பிடித்துத் திருப்பி, "நோ, நோ! ஷீ இஸ் நாட் யுவர் வைஃப்!" என்றாள். பிறகு தூரத்தில் தனியாக நின்ற ரோஸ்மேரியைக் காட்டி, "தட் ஒன் இஸ் யுவர் வைஃப்!" என்றாள். என் பெயர் வேறு கேட்டாள், வீட்டுக்கு அனுப்பத்தான் இருக்கும். நான் நுரையில் பேச முடியாமல் நிற்கிறேன். தெருவே திரும்பிப் பார்க்கிறது. அப்போது பாக்கியம் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"பாஸ்கரன்," என்றாள். "ஹீ இஸ் மை ஹஸ்பண்ட் ஒன்லி."

கடைசி வரிசைக்குக் கேட்டது மச்சான். முந்தானை வாய்க்குப் போகவில்லை. கோட்டுக்கு முந்தானை ஏது. என் பெயர் நல்ல பெயர்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பெண் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்து, அப்படியானால் காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பாக்கியம் தமிழிலேயே, "நீ கேக்கவே இல்லியே கண்ணு" என்றாள். கதாநாயகி கையைத் தட்டினாள். எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஆனால் ஜோடியை மாற்றவும் முடியாதாம். முன்னால் எடுத்த துண்டுகளோடு ஒட்ட வேண்டுமாம். ஆகவே வருகிற டிசம்பரில் அந்தப் படம் டிவியில் வந்தால் நான் ரோஸ்மேரியோடுதான் கை கோத்துப் போவேன். தயவுசெய்து அப்போதும் போனை எடுத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் காரை எடுக்கப் பட்டறைப் பக்கம் இறங்கினோம். பாக்கியம் முன்சீட்டில் ஏறினாள். நான் வாயைத் திறக்காமல் ஓட்டினேன். அதுவே அவளுக்குப் பெரிய சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். கேட்டதற்கெல்லாம் இப்போது சத்தமாகப் பதில் சொன்னாள். என் பரீட்சைப் பதிலை உங்களிடம் எழுதிக் காட்டுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். பிடித்த நிறம் மயில்துத்த நீலம். பள்ளிக்கூடம் போகும்போது ஒரு பாவாடை அந்த நிறத்தில் இருந்ததாம், நீங்கள்தான் அதில் மை கொட்டினீர்களாம். பிடித்த சாப்பாடு அரிசிம்பருப்புச் சோற்றில் பாத்திரத்தோடு ஒட்டித் தீய்ந்த அடி. இத்தனை வருசமும் தீய்ந்ததை அவள் தன் தட்டில் போட்டுக்கொண்டபோதெல்லாம், எனக்கு நல்ல சோற்றைக் கொடுக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, பயம். ஊரிலிருந்து அகால நேரத்தில் வருகிற போன். "அம்மா போன அன்னிக்கு அப்படித்தான் வந்துச்சு. நீங்க பட்டறைல இருந்தீங்க. நான் போனைக் கையில வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன்" என்றாள். அதற்கு நான் எந்த ஜோக்கும் சொல்லவில்லை மச்சான். போட்டோவைப் பார்த்து நீங்கள் கூப்பிட்டது உங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம், எங்களுக்கு விடிய இன்னும் வெகு நேரம் இருந்தது. போனை எடுப்பதற்கு முன் அவள் எழுந்து உட்கார்ந்து முருகா முருகா என்று சொன்னதை இந்தத் தடவை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நீங்கள் என்னைத் திட்டத்தான் கூப்பிட்டீர்கள் என்று தெரிந்ததும் அவள் விட்ட மூச்சு இருக்கிறதே, அவ்வளவு நிம்மதி. ஆகவே இனி என்னைத் திட்டுவதாக இருந்தால் எங்கள் பகல் பார்த்துத் திட்டுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும்.

அன்றைக்கே பாக்கியம் உங்களிடம் போட்டோ எடுத்த கதையைச் சொன்னாள். நீங்கள், "நீ அவனைக் காப்பாத்தாத" என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் என்னிடம் சொன்னாள்: "நீங்களே எழுதுங்க. எழுதினதை நான் பாக்கோணும். பாத்துட்டுத்தான் நான் போறதா இருக்கறதான்னு சொல்லுவேன். எங்க அண்ணனுக்கு மட்டும் எழுதுங்க. இதையும் மைக்ல போட்டு ஊர் சிரிக்க வெச்சீங்கன்னா, அந்த டிக்கெட் அப்படியே இருக்கட்டும்." நான் தலையைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். நம் குடும்ப விசயம் இனி நாலு பேர் முன்னால் போகாது, உங்களையும் சுந்தரி அக்காவையும் தவிர வேறு ஒரு கண் இதைப் படிக்காது.

இதுவரை எழுதியதை இப்போது பாக்கியம் படித்துவிட்டாள். உதட்டுச் சாயத்தில் சிரித்தாள். உங்கள் ரத்தக்கொதிப்பில், "பாவம் அண்ணன்" என்றாள். போன் விசயம் வந்ததும் எழுந்து உள்ளே போனாள், திரும்பி வரும்போது கையில் ரெண்டு டம்ளர் டீ இருந்தது. ஒன்றை என் முன்னால் வைத்தாள், ஃப்ரிட்ஜிடம் ஒன்றும் சொல்லவில்லை. "அனுப்புங்க மாமா. டிக்கெட் வேண்டாம்னு கடைசில ஒரு வரி சேத்துருங்க" என்றாள். சேர்த்துவிட்டேன்: மச்சான், டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். உங்கள் தங்கை இங்கேயே இருக்கிறாள். அவளுக்கு எது பிடிக்கும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், தெரியாததை வாயைத் திறந்து கேட்டுக்கொள்கிறேன்.

சுந்தரி அக்காவுக்கு என் வணக்கம். வெயில் ஏறுகிறது, மச்சான் தொப்பி இல்லாமல் களத்தில் நிற்க வேண்டாம். தேங்காய் விலை ஏறட்டும், ரத்தக்கொதிப்பு இறங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வாயால் பெயர் சொல்லப்பட்ட மாப்பிள்ளை,
பாஸ்கரன்

பின்குறிப்பு: டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். மேலே உள்ள பக்கங்களைப் போட்டோ எடுத்து சுந்தரி அக்காவுக்கு அனுப்பினேன். அது சுந்தரி அக்கா இல்லை, பொங்கல் விழா வாட்ஸ்அப் குரூப். மண்டபத்தில் இருந்த எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அழிப்பது எப்படி என்று வைஷாலியைக் கேட்பதற்குள் அந்த இருமல் பெரியவர் முதற்கொண்டு படித்துவிட்டார்கள். நிதின், "பாஸ்கரன் அண்ணனுக்கு மூணுக்கு மூணு" என்று குரூப்பில் போட்டுவிட்டார். சற்று நேரத்தில் லிங்கேஸ்வரன் ரைஸ் குக்கரை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாக்கியம் வெளியே வந்து அதைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. ரைஸ் குக்கரிடம், "அண்ணனை ரெண்டு டிக்கெட்டாப் போடச் சொல்லு. இந்தாளைத் தனியா விட்டுட்டுப் போனா இன்னும் எந்தெந்த குரூப்புக்கு அனுப்புமோ. திரும்பி வர்றதுக்கும் ரெண்டு போடோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ரைஸ் குக்கர் சொல்லாது என்பதால் நான் எழுதுகிறேன். அதை உள்ளே தூக்கி வரும்போது மூடி கழன்று என் கால் கட்டைவிரலில் விழுந்தது. மூடிக்கு ஒன்றும் ஆகவில்லை.